இடப்பக்கச் சக்கரம் பெரியவனுக்கு

மம்சாபுரத்துக்குப் பிரியும் விலக்கைத் தாண்டியதும் அந்த விளக்கு எரிந்தது.

மஞ்சள் விளக்கு. ஒரு முக்கோணம், அதற்குள் ஓர் ஆச்சரியக்குறி. ஸ்டியரிங்குக்குப் பின்னால், வேகம் காட்டும் முள்ளுக்குக் கீழே, அதுவரை நாங்கள் பார்த்தே இராத இடத்தில் எரிந்தது. மழை இல்லை. சாலை காய்ந்து கிடந்தது. டிரைவர் காதர் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்துவிட்டு, குனிந்து அதையே பார்த்தார்.

பின் சீட்டில் அம்மாவும் நானும். அம்மாவின் மடியில் அவள் தலையணை. தகரப்பெட்டி டிக்கியில் இருந்தது. ராஜபாளையத்தில் பெரியண்ணன் வீட்டில் ஒரு மாதம் முடிந்து, ஸ்ரீவில்லிபுத்தூரில் சின்னண்ணன் வீட்டுக்குப் போய்க்கொண்டிருந்தோம்.

"என்ன காதரு, மெதுவாப் போற?"

"ஒண்ணுமில்லம்மா. ஒரு லைட்டு எரியுது."

"எதுக்கு எரியுது?"

"அதான் தெரியல. வண்டி நல்லாத்தான் ஓடுது."

ஒரு புளியமரத்தடியில் நிறுத்தி, எஞ்சினை அணைத்து, செத்த நேரம் கழித்து மறுபடி போட்டார். விளக்கு இல்லை. கிளம்பினோம். ஸ்ரீவில்லிபுத்தூர்ப் பால்கோவாவுக்குப் பால் சுண்டும் வாசனை வர ஆரம்பித்த இடத்தில் மறுபடி எரிந்தது. அம்மா முன்பக்கம் சாய்ந்து அதைப் பார்த்தாள். பிறகு தலையணையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

டெலிபோன் எக்ஸ்சேஞ்சில் நான் டிரங்க்கால் போட்டுக்கொடுத்த நாட்களைப் பற்றி இந்தத் தொடரில் போன வாரம் எழுதியிருந்தேன். ஊரார் வீட்டுச் சண்டையையெல்லாம் காதில் வாங்கிய நீங்கள் உங்கள் வீட்டுச் சண்டையைப் பற்றி மட்டும் மூச்சுவிடவில்லையே என்று ஒரு வாசகி கேட்டிருக்கிறார். நியாயமான கேள்விதான். ஊரில் எந்த இரண்டு பேரையும் பேசவைத்துவிடுவேன் என்று எனக்கு அப்போது ஒரு மிதப்பு இருந்தது. என் அண்ணன்மார் இருவரை மட்டும் என்னால் பேசவைக்க முடியவில்லை.

அப்பாவின் ஜெர்மன் கார்

அப்பாவுக்குப் பேண்டேஜ் துணி வியாபாரம். ராஜபாளையத்தில் தறிகள், ஸ்ரீவில்லிபுத்தூரில் கடையும் குடோனும். ஆஸ்பத்திரிக் கட்டுத்துணிதான் எங்கள் சோறு. வீட்டில் யாருக்கு விரல் வெட்டினாலும் துணிக்குப் பஞ்சமில்லை என்று அம்மா சொல்வாள்.

அந்தக் காரை அவர் கொச்சிக்குப் போய் வாங்கி வந்தார். தேயிலைத் தோட்டக்காரர் ஒருவர் வைத்திருந்த பழைய கார். பழையது என்றாலும் ஜெர்மனியில் செய்தது. கதவைச் சாத்தினால் சத்தமே கேட்காது. உள்ளே தோல் வாசனை அடிக்கும். எங்கள் தெருவில் அதுவரை அம்பாசடரும் பியட்டும்தான் வந்திருந்தன. அப்பா அதில் கோவிலுக்குப் போகும்போது கண்ணாடியை இறக்கியே வைப்பார். உள்ளே யார் இருக்கிறார் என்று ஊருக்குத் தெரிய வேண்டாமா?

நாங்கள் கோவில் என்று சொல்வது சாமி கோவிலை இல்லை, சி.எஸ்.ஐ. கிறிஸ்தவர்கள் வழக்கத்தில் சர்ச்சைத்தான் அப்படிச் சொல்வோம். ஞாயிற்றுக்கிழமை அப்பா முன்னால், அம்மா நடுவில், இரண்டு அண்ணன்மாரும் அவளுக்கு இரண்டு பக்கமும். பெரியண்ணன் அப்பாவைப் போல நெடுநெடுவென்று இருப்பார். சின்னண்ணன் அம்மாவின் உயரம். அவருக்கு அண்ணனின் தோள்தான் எட்டும். நான் ஓரத்தில் நெருக்கிக்கொண்டு உட்கார்வேன்.

அப்படி எத்தனை காலம் போனோம்? அதிக காலம் இல்லை. அப்பா போய்விட்டார்.

கிணற்று முறை

அண்ணன்மாருக்குள் எதற்குச் சண்டை என்று கேட்காதீர்கள். நான் இருவரிடமும் தனித்தனியாகக் கேட்டேன். அவர் சொன்ன காரணத்துக்கும் இவர் சொன்ன காரணத்துக்கும் சம்பந்தமே இல்லை. ஆனால் பேச்சு நின்றுபோனது மட்டும் உண்மை.

பாகம் பிரிக்கச் சேத்தூரிலிருந்து பெரியப்பா வந்தார். அப்பாவின் அண்ணன், விவசாயம் பார்ப்பவர், நல்ல மனிதர். தறி பெரியவனுக்கு, கடையும் குடோனும் சின்னவனுக்கு என்று சுலபமாக முடிந்தது. கடைசியில் கார் வந்தது. விற்க இருவருக்கும் மனசில்லை. விட்டுக்கொடுக்கவும் மனசில்லை.

பெரியப்பா வெற்றிலையை மென்றுகொண்டே யோசித்தார்.

"சேத்தூர்ல நம்ம கெணத்த எப்படி வச்சிருக்கோம்? நமக்கும் பங்காளி வீட்டுக்கும் பொதுதான். ஒரு முறை அவிய தண்ணி பாய்ச்சுவாவ, மறு முறை நாம. இடிஞ்சா அவிய பக்கச் செவர அவிய கட்டணும், நம்ம பக்கத்த நாம கட்டணும். இம்புட்டு வருசமாச் சண்ட உண்டா? காரையும் அப்படி வச்சுக்கிடுங்க. ஒரு மாசம் அங்க, ஒரு மாசம் இங்க."

"டயரு தேஞ்சா?" என்று பெரியண்ணன் கேட்டார்.

"இடப்பக்கச் சக்கரம் ஒனக்கு. வலப்பக்கம் சின்னவனுக்கு. எஞ்சினு பொது."

"ஸ்டெப்னி?" என்றார் சின்னண்ணன், சுவரைப் பார்த்துக்கொண்டு.

டிக்கியில் கிடக்கும் உபரிச் சக்கரம் யாருக்கு என்று உண்மையாகவே கேட்டார். நான் சிரித்துவிட்டேன், வேறு யாரும் சிரிக்கவில்லை. பெரியப்பா எழுந்துபோய் வெற்றிலையைத் துப்பிவிட்டு வந்தார்.

"அது ஒங்கம்மா பேர்ல இருக்கட்டும்."

அதே மூச்சில், அம்மாவுக்கும் ஏற்பாடு சொன்னார். காரோடு சேர்ந்து ஒரு மாதம் அங்கே, ஒரு மாதம் இங்கே. கார் எந்த வீட்டில் நிற்கிறதோ அந்த வீட்டில் அம்மா. கோவிலுக்கும் டாக்டரிடமும் போக வசதியாக இருக்கும் என்றார். நல்லெண்ணத்தில்தான் சொன்னார். அம்மா சமையல்கட்டு வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அவளுக்கு இது சம்மதமா என்று ஒருவரும் கேட்கவில்லை.

ஆக மாதம் பிறந்தால் அம்மாவும் காரும் ஒன்றாகக் கைமாறுவார்கள். ஒருவர் வீட்டுப் படியை மற்றவர் மிதிக்காததால், துணைக்கு நான் போவேன். எனக்குக் கல்யாணம் ஆகவில்லை, அது வேறொரு வாரத்துக் கதை. ஸ்ரீவில்லிபுத்தூரில் கோர்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு மாடிப் போர்ஷனில் தனியாகக் குடியிருந்தேன். பஸ் ஏறிப் போய் அம்மாவைக் கூட்டிக்கொண்டு காரில் திரும்புவேன்.

நான் ஏறினால்தான்

விளக்கு எரிந்த செய்தி இரண்டு வீட்டுக்கும் போனது.

"அவன் வீட்டுல வண்டிய என்னமோ பண்ணிப்புட்டான்," என்றார் பெரியண்ணன். "பெரியவர் வீட்டுலருந்து வரும்போதுதான எரிஞ்சது?" என்றார் சின்னண்ணன். அடுத்த மாதம் இங்கிருந்து அங்கே போகும்போதும் எரிந்தது. அப்போது இந்த வசனத்தை அவரும், அந்த வசனத்தை இவரும் மாற்றிச் சொன்னார்கள். பாட்டரியைப் பார்த்தார்கள், வயரைப் பார்த்தார்கள். ராஜபாளையத்து மெக்கானிக் ஒருவர் பல்பைக் கழற்றிவிடலாம் என்று யோசனை சொன்னார். காதர் ஒப்புக்கொள்ளவில்லை.

அம்மா இவற்றில் எதையும் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவளுக்கு வேறொரு கணக்கு ஓடிக்கொண்டிருந்தது. ஒருநாள் காரில் போகும்போது கேட்டாள்.

"காதரு, நீ தனியா வண்டி எடுத்துட்டுப் போறியே, கடைக்கு, பேங்குக்கு. அப்போ எரியுதா?"

"இல்லம்மா."

"பிள்ளைகள ஸ்கூலுக்குக் கொண்டு போகும்போது?"

"எரியலம்மா."

காதர் சொன்னது பொய்யில்லை. ஊருக்குள் மெதுவாக, நின்று நின்று போகும்போது விளக்கு வருவதில்லை. இரண்டு ஊருக்கும் நடுவே நீளமாக, வேகமாக ஓடினால்தான் வரும். அந்தச் சாலையில் காரை எடுக்கிற வேலை அம்மாவைக் கொண்டுபோய் விடுவது ஒன்றுதான்.

"அப்போ நான் ஏறுனாத்தான் எரியுது," என்றாள் அம்மா.

"அப்படியெல்லாம் இல்லம்மா," என்றேன்.

"நீ சும்மா இரு. அந்த மனுசன் ஆசைப்பட்டு வாங்குன காரு. அவரு இருந்தவரைக்கும் எரியல. என்னையத் தூக்கிட்டு அலையுறதுக்குத்தான் எரியுது. ரெண்டு வீட்டுக்கும் நான் சுமைதான, அது காட்டிக்குடுக்குது."

எனக்குக் கோபம்தான் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். அம்மா பைபிள் வாசிக்கிறவள், சகுனம் பார்க்கிறவள் இல்லை. அவள் வாயிலிருந்து இப்படி ஒரு பேச்சு வருவதற்கு இரண்டு வீட்டிலும் அவளை எப்படி வைத்திருந்தார்கள் என்று யோசித்தேன். சோற்றுக்குக் குறையில்லை, மரியாதைக்கும் குறையில்லை. ஆனால் இரண்டு வீட்டிலும் அவள் தகரப்பெட்டியைப் பிரித்து அலமாரியில் துணி அடுக்கியதே இல்லை. அதை நான் அப்போதுதான் கவனித்தேன்.

அவளுக்கு இருதயத்தில் கோளாறு. மதுரைக்குப் போய் டாக்டரைப் பார்க்க வேண்டிய நாள் வந்தபோது வரமாட்டேன் என்றாள். மாத்திரை போதும், அந்த வண்டியில் ஏறமாட்டேன் என்று அடம்பிடித்தாள். அன்றைக்கே வீடு மாறுகிற நாளும் என்பதால் தகரப்பெட்டியையும் டிக்கியில் வைத்து, கெஞ்சிக் கூத்தாடி அவளை ஏற்றினேன்.

மதுரையில் ஒரு கேள்வி

கிருஷ்ணன்கோவில் தாண்டி ஒரு பஸ்ஸை முந்தப் போனபோது கார் இழுக்கவில்லை. காதர் அழுத்துகிறார், எஞ்சின் அடங்கிப் போகிறது. விளக்கு விட்டு விட்டு மின்னியது. எதிரே லாரி. காதர் ஒருவழியாகப் பஸ்ஸுக்குப் பின்னாலேயே ஒதுங்கிவிட்டார். அம்மா கண்ணை மூடிக்கொண்டு ஜெபம் பண்ணிக்கொண்டிருந்தாள்.

டாக்டரைப் பார்த்து முடித்ததும், வெளிநாட்டுக் கார் பார்க்கிற ஒர்க்‌ஷாப்பை விசாரித்து அங்கே போனோம். அங்கிருந்த இன்ஜினியர் வண்டியைச் சுற்றி ஒருமுறை நடந்தார். இரண்டாம் சுற்றில் குனிந்து டயர்களில் இருந்த எண்களைப் படித்தார். பிறகு ஒரு டேப்பைக் கொண்டுவந்து ஒவ்வொரு டயரையும் சுற்றி அளந்தார்.

"இந்தப் பக்கம் ரெண்டும் சின்னது. அந்தப் பக்கம் ரெண்டும் பெருசு," என்றார்.

எனக்குப் புரியவில்லை. நிதானமாகச் சொன்னார். ஒவ்வொரு சக்கரமும் எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறது என்று பார்க்க இந்தக் காரில் சென்சார் இருக்கிறது. ஒரு சக்கரம் மற்றதைவிட அதிகமாகச் சுற்றினால், அது மணலிலோ ஈரத்திலோ வழுக்குகிறது என்று காரின் கம்ப்யூட்டர் எடுத்துக்கொள்ளும். உடனே விளக்கைப் போட்டு, எஞ்சினின் வேகத்தையும் குறைக்கும். சின்ன டயர் அதே தூரத்துக்கு அதிகம் சுற்றத்தானே செய்யும்? சாலையில் வழுக்கல் இல்லை, ஆனால் வண்டிக்கு அது தெரியாது.

"ரெண்டு சைசுமே இந்த வண்டிக்கு உள்ளது இல்ல. யாரு இப்படி மாட்டுனது?"

காதர் என்னைப் பார்த்தார். நான் தரையைப் பார்த்தேன். கடைசியில் காதர்தான் சொன்னார்.

"இடப்பக்கம் பெரிய முதலாளி வாங்குனது சார். வலப்பக்கம் சின்ன முதலாளி. அவங்கவங்க வாங்கிக் குடுத்தாங்க, ரிம்முல ஒக்காந்துச்சு, மாட்டுனேன்."

அந்த மனிதர் அதை வேடிக்கைப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார். எங்கள் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பை நிறுத்திக்கொண்டார். அசல் அளவு கடையில் கிடைக்காததால் பெரியண்ணன் குட்டையாக ஒன்றை வாங்கியிருக்கிறார். பள்ளத்தில் தட்டாமல் இருக்கும் என்று சின்னண்ணன் உயரமாக ஒன்றை வாங்கியிருக்கிறார். ஒருவரை ஒருவர் ஒரு வார்த்தை கேட்டிருந்தால் போதும். டெலிபோன் எடுத்திருந்தால் நானே லைன் போட்டுக் கொடுத்திருப்பேன்.

இன்ஜினியர் டிக்கியைத் திறந்து ஸ்டெப்னியையும் பார்த்தார். கொச்சியிலிருந்து வந்தபடி, தரையில் படாமல் கிடந்தது.

"சரியான சைசு இது ஒண்ணுதான்," என்றார்.

அம்மா இவ்வளவையும் காரின் திறந்த கதவு வழியாகக் கேட்டுக்கொண்டுதான் இருந்தாள். மெல்ல இறங்கினாள்.

"ஏட்டி, பெட்டிய எடு. பஸ்ஸுக்குப் போவோம்."

பின்னால் வந்த கார்

எவ்வளவோ சொல்லிப் பார்த்தேன். அவள் ஆட்டோவில் ஏறி உட்கார்ந்துவிட்டாள். ராஜபாளையம் பஸ்ஸில் ஜன்னலோரம் இடம் கிடைத்தது. அந்த நெரிசலில், அந்த வெயிலில் இவளுக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்ன செய்வது என்று வழியெல்லாம் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

திருமங்கலத்தில் திரும்பிப் பார்த்தேன். காதர் எங்கள் பஸ்ஸுக்குப் பின்னாலேயே காரை ஓட்டி வந்துகொண்டிருந்தார். பஸ் நின்ற இடத்திலெல்லாம் அவரும் நின்றார். அவ்வளவு பெரிய காரில் அவர் ஒருவர்தான் இருந்தார்.

ஸ்ரீவில்லிபுத்தூரில் இறங்கியதும் காதர் ஓடிவந்தார்.

"அம்மா, லைட்டு எரிஞ்சுச்சும்மா. வழி பூரா எரிஞ்சுச்சு. நீங்க உள்ள இல்ல. நான் மட்டுந்தான் இருந்தேன்."

அம்மா அவரையே பார்த்துக்கொண்டு நின்றாள். பிறகு முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு அழுதாள். பஸ் ஸ்டாண்டில் அத்தனை பேர் பார்க்க அழுதாள். பழி நீங்கியதற்கு அழுதாளா, பெற்ற பிள்ளைகளை நினைத்து அழுதாளா என்று நான் கேட்கவில்லை. இரண்டும்தான் என்று நினைக்கிறேன்.

அன்றைக்கு அவள் சின்னண்ணன் வீட்டுக்கும் போகவில்லை, பெரியண்ணன் வீட்டுக்கும் போகவில்லை. என் மாடிக்கு வந்தாள். படியில் உட்கார்ந்து உட்கார்ந்து ஏறினாள். ஏறியதும் தகரப்பெட்டியைத் திறந்து, என் அலமாரியில் ஒரு தட்டைக் காலிசெய்யச் சொல்லி, தன் சேலைகளை அடுக்கினாள்.

ஆண் பிள்ளைகள் இருவர் இருக்க, தாய் மகள் வீட்டில் இருக்கிறாள் என்றால் எங்கள் பக்கம் ஊர் என்ன பேசும் என்று உங்களுக்கே தெரியும். பேசியது. அண்ணன்மாருக்கு வெளியே தலைகாட்ட முடியவில்லை. பெரியண்ணன் ஞாயிறு ஆராதனை முடிந்து வருவார், சின்னண்ணன் கடை அடைத்துவிட்டு வருவார். இருவரிடமும் டயர் விஷயத்தைச் சொன்னேன். "என் பக்கம் புதுசு, அவன் மாத்தட்டும்," என்றார் ஒருவர். மற்றவரும் அதையேதான் சொன்னார். வார்த்தைகூட மாறவில்லை.

அம்மா இருவருக்கும் ஒரே பதில்தான் வைத்திருந்தாள்.

"ரெண்டு பேரும் ஒண்ணா வந்து கூப்புடுங்கலே. வாரேன்."

அவர்கள் ஒன்றாக வரவில்லை.

ராத்திரி படுக்கையில் ஒருமுறை என்னிடம் சொன்னாள்: "எனக்குன்னு வச்சது ஸ்டெப்னி. அது ஒண்ணுதான் சரியா இருந்துச்சாம்." சொல்லிவிட்டுத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

நாற்காலி

காரின் கதையை முதலில் முடித்துவிடுகிறேன். சில வருஷம் கழித்து அதை விற்றார்கள். விற்கும்போது ஸ்டெப்னியோடு சேர்த்து எல்லா டயரும் ஒரே அளவு, விளக்கு எரியவில்லை என்று காதர் சொன்னார். நான் போய்ப் பார்க்கவில்லை.

இனிச் சொல்லப்போவது அதற்கு முன்பு, அம்மா என் வீட்டில் இருந்த கடைசி நாள். அதற்குப் பிறகு மதுரை ஆஸ்பத்திரியிலிருந்து அவள் திரும்பவில்லை.

நல்ல மத்தியானம். மூச்சு வாங்க ஆரம்பித்தது. பக்கத்துத் தெரு டாக்டர் வந்து பார்த்துவிட்டு, உடனே மதுரைக்குக் கொண்டு போங்கள், நடக்கவிடாதீர்கள் என்றார். எக்ஸ்சேஞ்சுக்கு ஆள் அனுப்பி இரண்டு வீட்டுக்கும் போன் போடச் சொன்னேன். சின்னண்ணன் ஸ்கூட்டரில் வந்தார். அவர் மாடியில் நிற்கும்போதே பெரியண்ணனும் ராஜபாளையத்திலிருந்து வந்து சேர்ந்தார். காரில் அம்மா ஏறமாட்டாள் என்று தெரிந்து, கோர்ட் வாசலில் நின்ற வாடகை அம்பாசடர் ஒன்றைக் கையோடு கூட்டி வந்திருந்தார்.

பாகம் பிரித்த நாளுக்குப் பின் ஒரே கூரைக்குள் அவர்கள் இருவரையும் நான் பார்த்தது அப்போதுதான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை. என் மரக் கைநாற்காலியில் அம்மாவை உட்கார வைத்தோம். தலையணையை முதுகுக்குக் கொடுத்தேன். பெரியண்ணன் இடப்பக்கம் பிடித்தார், சின்னண்ணன் வலப்பக்கம் பிடித்தார். யாரும் அப்படிச் சொல்லவில்லை, அவர்களாகவே நின்ற பக்கம் அது.

பழைய வீடு. வெளிப்பக்கமாக இறங்குகிற அகலமான படி. நான் முன்னால் இறங்கி, திரும்பிப் பார்த்துக்கொண்டே போனேன். பெரியண்ணன் உயரம் அதிகம், சின்னண்ணன் குட்டை. நாற்காலி வலப்பக்கம் சரிந்தது. அம்மா கைப்பிடியை இறுகப் பிடித்தாள். இன்னும் இரண்டு படி இறங்கியதும் மேலும் சரிந்தது. இருவரும் பல்லைக் கடித்துக்கொண்டு அவரவர் பக்கத்தை மட்டும் தூக்கிக்கொண்டிருந்தார்கள்.

மூச்சுக்கும் மூச்சுக்கும் நடுவில் அம்மா சொன்னாள்.

"ஏலே. லைட்டு எரியுது."

இருவரும் நின்றுவிட்டார்கள். சின்னண்ணன் நிமிர்ந்து பெரியண்ணனைப் பார்த்தார். பெரியண்ணனும் பார்த்தார். அவர் கண் நிறைந்திருந்தது. மெல்ல முழங்காலை மடக்கி, முதுகை வளைத்து, தன் பக்கத்தை இறக்கினார். நாற்காலி மட்டத்துக்கு வந்தது.

"போதும்ணே," என்றார் சின்னண்ணன். "சரியா இருக்கு."

"நீ பாத்து எறங்குலே."

அம்மா கைப்பிடியிலிருந்து கையை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். படி முடிந்து, முற்றம் தாண்டி, தெருவில் நின்ற அம்பாசடர் வரைக்கும் பெரியண்ணன் நிமிரவே இல்லை.